தன்னம்பிக்கை வேண்டாம், சாய்தளம் கட்டுங்கள்

பாண்டி ஆட்டத்துக்கு நொண்டி என்றும் ஒரு பேர் உண்டு. ஒற்றைக் காலில் தாவித் தாவி, கோடு மிதிக்காமல், கட்டத்துக்குக் கட்டம் சில்லைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கம்மாபுரத்துப் பக்கம் சில்லுக்குப் பஞ்சமே வந்ததில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் உடைந்ததும் கோணியதும் குப்பைக்கு வரும். ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமான அந்தத் துண்டுகளைப்போல ஓட்டாஞ்சில்லு சறுக்காது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும்வரை ஆடுவார்கள். வந்த மறுநாள் ஆட்டம் நின்றுவிடும். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை, நம் கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதியும் விட்டோம்.

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளைகள் ஒரு காலை மடக்கிக்கொண்டு ஆடினால் அதற்குப் பேர் நொண்டி ஆட்டம். தெருவே நொண்டி என்று பேர் வைத்துக் கூப்பிடும் பிள்ளையோ திண்ணையில் உட்கார்ந்து யார் கோட்டை மிதித்தார்கள் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆட்டம் நின்றுபோக வயதுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. அது தொடங்கவே இல்லை.

பனிக்கட்டியின் மேல் ஆடும் சில்லாட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதற்குப் பேர் கர்லிங். கேரம் போர்டை ஒரு தெரு நீளத்துக்கு இழுத்து, அதன்மேல் பனியை உறைய வைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து கைப்பிடி வைத்த வட்டக் கல்லைத் தள்ளிவிட வேண்டும். அது வழுக்கிக்கொண்டே போய் மறுமுனையில் வரைந்த வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும், அல்லது எதிரியின் கல்லை மோதி வெளியே தள்ள வேண்டும். கல்லின் எடை ஏறத்தாழ 20 கிலோ. ஸ்காட்லாந்துக்கு அருகில் உள்ள ஐல்சா கிரெய்க் என்ற தீவின் கருங்கல்தான் இதற்குப் பேர்போனது. நின்று ஆடுகிறவர்கள் கல்லுக்கு முன்னால் துடைப்பம் போன்ற ஒன்றால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடி அதன் போக்கை மாற்றுவார்கள். சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்களுக்கு அந்தத் தேய்ப்பு கிடையாது. நாற்காலியை ஓரிடத்தில் நிறுத்தி, அது பின்னால் நழுவாமல் சக அணியினர் ஒருவர் பிடித்துக்கொள்ள, நீளமான கோலைக் கல்லின் கைப்பிடியில் மாட்டித் தள்ள வேண்டும். கல் கைவிட்டால் கைவிட்டதுதான். வழியில் திருத்த யாரும் வரமாட்டார்கள். கண்ணும் கணக்கும் தோளும் சேர்ந்து ஒரே தள்ளில் முடிவாகும் ஆட்டம் இது.

கம்மாபுரத்தில் ஐஸ் என்றால் மீன் கூடையில் கொட்டுவதும் சர்பத் கடையில் தட்டுவதும்தான். அக்னி நட்சத்திரத்தில் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேட்டிலிருந்து வீசும் காற்றை வாங்கியவர்களுக்குப் பனி விளையாட்டைப் பற்றி எதற்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு விதிக்காகச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த விதியால் உள்ளே வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சோன்யா கோடெட் கனடாக்காரர், 1966இல் பிறந்தவர். இரண்டு குழந்தைகளின் தாய். 1997இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. அதன்பிறகு சக்கர நாற்காலி. முதலில் நாற்காலியில் இருந்தபடி டென்னிஸ் ஆடினார், பிறகு கர்லிங்குக்கு வந்தார். சக்கர நாற்காலி கர்லிங் பாராலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2006இல், இத்தாலியின் டுரின் போட்டியில். அந்த முதல் தங்கத்தை வென்ற கனடா அணியில் அவர் இருந்தார். 2010இல் வான்கூவரில் மறுபடி தங்கம். 2014இல் சோச்சியில் தொடக்க விழாவில் கனடாவின் கொடியை ஏந்திப் போனவரும் அவர்தான். அங்கேயும் தங்கம். அப்போது அவருக்கு வயது 47. அவரோடு ஆடிய ஐனா ஃபாரஸ்ட் 21ஆம் வயதில் குடித்துவிட்டு ஓட்டியவனின் வண்டி மோதி நடக்க முடியாமல் போனவர். 2010இலும் 2014இலும் தங்கம், 2018இல் வெண்கலம், 2022இல் பெய்ஜிங்கில் இன்னொரு வெண்கலம். அந்தப் பெய்ஜிங் பதக்கத்தின்போது வயது 59.

59 வயதில் நம் ஊரில் ஒருத்தி எங்கே இருப்பாள்? பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு. நடக்க முடியாதவளாக இருந்தால் வீட்டின் பின்கட்டில், வெளியாள் வந்தால் பார்வையில் படாத மூலையில்.

இப்போது அந்த விதி. சக்கர நாற்காலி கர்லிங்கில் ஓர் அணிக்கு நான்கு பேர். அந்த நால்வரில் ஆணும் இருக்க வேண்டும், பெண்ணும் இருக்க வேண்டும். நான்கு ஆண்களைக் களத்தில் நிறுத்தினால் அது அணியே அல்ல. இவ்வளவுதான் விதி. இதில் தைரியம் என்ற சொல்லோ தன்னம்பிக்கை என்ற சொல்லோ இல்லை. ஆனால் இந்த ஒரு வரியால் ஒவ்வொரு நாட்டுப் பயிற்சியாளரும் சக்கர நாற்காலியில் உள்ள ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அவள் வரவில்லையே என்று கையை விரிக்க முடியாது. வரவில்லை என்றால் ஆண்களும் ஆட முடியாது. அவள் வீட்டு வாசலில் படி இருக்கிறதா, மைதானத்துக்கு வண்டி இருக்கிறதா, அங்கே அவள் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று விசாரிப்பது அந்த நாள் முதல் அணியின் வேலை.

விதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடச் சொல்லவில்லை. ஆணாதிக்கம் எந்த விதியையும் சுருக்கத் தெரிந்தது. ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றதை ஒரு பெண் இருந்தால் போதும் என்று வாசித்தார்கள். பெரும்பாலான அணிகளில் மூன்று ஆண், ஒரு பெண். கல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடும் தலைவர் பெரும்பாலும் ஆண். 2014இல் வெண்கலம் வென்ற பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கிய பள்ளி ஆசிரியை ஐலீன் நீல்சன் போன்றவர்கள் விதிவிலக்கு. உள்ளாட்சியில் பெண்ணுக்கு இடம் ஒதுக்கியபோது தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு கணவர் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் நாற்காலி நாற்காலிதான். 2026 குளிர்காலப் பாராலிம்பிக்கில் ஓர் ஆண், ஒரு பெண் என்ற இரட்டையர் ஆட்டத்தையும் சேர்த்தார்கள். கால் பங்கு அரைப் பங்கானது. பெண்களுக்குத் திடீரென்று தன்னம்பிக்கை இரண்டு மடங்கு பெருகியதால் அப்படி ஆகவில்லை.

நம் கணக்குக்கு வருவோம். பாராலிம்பிக்கில் இந்தியா வென்ற முதல் தங்கம் 1972இல், ஹைடெல்பர்க்கில், நீச்சலில் முரளிகாந்த் பெட்கர். இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம் 2016இல், ரியோவில், குண்டு எறிதலில் தீபா மாலிக். நடுவில் 44 ஆண்டுகள். இந்த 44 ஆண்டில் பதக்கம் வாங்கிய அத்தனை பேரும் ஆண்கள். இந்த நாட்டில் அந்தக் காலம் முழுவதும் போலியோ ஆண் குழந்தைகளை மட்டுமா தாக்கியது? முதுகுத்தண்டு ஆண்களுக்கு மட்டுமா உடைந்தது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி என்றது. அதில் ஆண்கள் 1.50 கோடி, பெண்கள் 1.18 கோடி. அந்த இடைவெளியில் இருக்கும் பெண்கள் எங்கே? ஆண்கள் சாலைக்கும் ஆலைக்கும் போய் அதிகம் அடிபடுகிறார்கள் என்று ஒரு பகுதிக்கு விடை சொல்லலாம். மீதியை எங்கள் ஊர்த் திண்ணைகளில் கேட்டால் தெரியும். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்கும்போது பின்கட்டில் இருக்கும் மகளை எண்ணிச் சொன்னால் தங்கைக்கு வரன் வராது. சிறு வயதில் காய்ச்சலில் கிடந்த கால் சூம்பிய பெண் குழந்தையை எந்த ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிப் போவது, எத்தனை கடன் வாங்குவது என்ற கணக்கும் குடும்பத்துக்குள் நடந்ததுதான்.

தீபா மாலிக் அன்று எறிந்த தூரம் 4.61 மீட்டர். முதுகுத்தண்டில் கட்டி வந்து, 1999இல் மார்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர். 45 வயதில் அந்தப் பதக்கம். செய்திகளில் எப்படி வந்தார் என்று நினைவிருக்கிறதா? ராணுவ அதிகாரியின் மகள், ராணுவ அதிகாரியின் மனைவி, இரண்டு பெண்களின் தாய், புன்னகை மாறாதவர். அவர் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அறுவை சிகிச்சைக்குப் பணமும், மறுவாழ்வுக்கு இடமும், பயிற்சிக்குப் போய்வர வண்டியும் இருந்த ஒரு வாழ்க்கையில் மன உறுதியும் சேர்ந்தது, பதக்கம் வந்தது. மன உறுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பள்ளிக்கூட மேடையில் பரிசாகக் கொடுக்கிறார்கள். மீதியெல்லாம் எங்கே?

இவருக்கெல்லாம் முன்னோடி பெங்களூரைச் சேர்ந்த மாலதி ஹொல்லா. 1958இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ. சிறுவயதில் பல ஆண்டுகளைச் சென்னையில் ஒரு எலும்பு மருத்துவ மையத்தில் கழித்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 1988 சியோல் பாராலிம்பிக்குக்குப் போனவர், 1995இல் அர்ஜுனா விருது, 2001இல் பத்மஸ்ரீ. சக்கர நாற்காலி ஓட்டம், குண்டு, வட்டு, ஈட்டி எல்லாவற்றிலும் நூற்றுக்கணக்கில் பதக்கம். இவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அரைவரியில் தாண்டிப் போகும் செய்தி ஒன்று உண்டு. அவர் சிண்டிகேட் வங்கியில் வேலை பார்த்தார். மாதாமாதம் சம்பளம். தன் கையில் வரும் காசு. அண்ணனிடமும் மைத்துனியிடமும் கேட்காமல் போட்டிக்கு டிக்கெட் எடுக்க முடிகிற காசு. என்னைக் கேட்டால் அவருடைய நூற்றுக்கணக்கான பதக்கங்களுக்கும் தாய் அந்தச் சம்பளச் சீட்டுதான்.

தமிழ்நாட்டில் நாம் சும்மா இல்லை. 2024 பாரிஸில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வென்று வந்தார்கள், மூவரும் பாட்மின்டனில். அரசு கோடிகளில் ஊக்கத்தொகை கொடுத்தது. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். ஆனால் அது வென்ற பிறகு வரும் பணம். வெல்வதற்கு முன்னால் பத்து வருடம் யார் கொடுத்தது? தவிர, அந்த மூவரும் நடந்து களத்துக்குப் போகக்கூடியவர்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு வரிசை இன்னும் பின்னால் இருக்கிறது.

அது ஏன் என்று பார்க்க ஆராய்ச்சி வேண்டாம். கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை, உடன் வரும் ஒருவருக்கும் இல்லை. நல்ல திட்டம், அதனால் எத்தனையோ பெண்கள் வெளியே வந்தார்கள். ஆனால் பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சீட்டு இலவசம், படி இலவசமில்லை. இரண்டு ஆண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஏறலாம். அந்தக் கைகள் எங்கெல்லாம் போகும் என்று நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை, வாசிக்கும் எல்லோரும் பெண்கள்தானே. அந்த ஒரு படிக்காகவே வீட்டோடு இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் போலியோ கண்ட கடைசித் தலைமுறைப் பெண்கள் சிலர் பொம்மைப் பட்டறைகளில் வண்ணம் பூசுகிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் இவர்களுக்கென்றே ஆயிற்று. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கையில் செருப்பு மாட்டிக்கொண்டு தரையோடு நகர்ந்து வரும் ஒரு அக்கா, பிசிறிய களிமண் உருண்டையை உட்கார்ந்த இடத்திலிருந்தே தூர இருக்கும் வாளிக்குள் விட்டெறிவார். தப்பவே தப்பாது. அவரிடம் நான் கர்லிங்கைப் பற்றிச் சொன்னேன், படமும் காட்டினேன். நாற்காலியையும் கல்லையும் உற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு கண்ணு, கோல வச்சித் தள்ளுறது. என்னால ஆவும்” என்றார். பிறகு, “மெடலு இருக்கட்டும். இங்க ஒண்ணுக்குப் போவ ஒரு எடம் கட்டச் சொல்லு. காலையில வந்தா சாயங்காலம் ஊட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல நானு.”

ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு முதல் பாடம் தண்ணீர் குடிப்பது.

இந்த அக்காவிடம் போய் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவதற்கு எத்தனை கொழுப்பு வேண்டும்! தன்னம்பிக்கை இல்லாமலா நாற்பது வருடம் கையால் நடந்து வேலைக்கு வந்தார்? தன்னம்பிக்கைப் பேச்சின் சூது இதுதான்: வென்றால் அவள் மன உறுதி, வெல்லாவிட்டால் அவள் மனக் குறை. நடுவில் படி கட்டியவன், கழிப்பறை கட்டாதவன், பின்கட்டில் உட்கார வைத்தவன் எல்லோரும் கைதட்டும் வரிசையில் நின்றுகொள்ளலாம்.

ப்ரீத்தி சீனிவாசனை நினைத்துக்கொள்கிறேன். 19 வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்தவர். 1998இல், 18 வயதில், புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பைத் தொடங்கி, தண்டுவடம் பாதித்தவர்களுக்காக வேலை செய்கிறார். 2014இல் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. துணிவுக்கான விருது அது. அவர் தகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நடக்கிறவரை ஆட்டத்துக்காகக் கொண்டாடப்பட்டவள், நாற்காலிக்கு வந்ததும் துணிவுக்காகக் கொண்டாடப்படுகிறாள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் நாம் எதிர்பார்ப்பதெல்லாம் துணிவு ஒன்றுதான். திறமையை யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. அவர்கள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், போட்டிகள் நடத்த வேண்டும். பொதுக் கட்டடங்களை எல்லோரும் நுழையக்கூடியதாக மாற்ற ஐந்தாண்டு கெடு கொடுத்தது 45ஆவது பிரிவு. 2017இல் விதிகள் வந்தன, 2022இல் கெடு முடிந்தது. உங்கள் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு நாளை போகும்போது வாசலைப் பாருங்கள். சாய்தளம் இருந்தால் அதன் சரிவையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குப் போட்டதுபோலச் செங்குத்தாக இருக்கும், மேலே போனால் கதவு பூட்டியிருக்கும். விளையாட்டுப் பிரிவிலோ பெண் என்ற சொல் தனியாக இல்லை. 4ஆவது பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சம உரிமை என்று பொதுவாகச் சொல்கிறது, அவ்வளவுதான். கர்லிங் விதிப் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரு வரி நம் சட்டத்தில் இல்லை. அதனால் பெண்கள் பிரிவில் போதிய பேர் வரவில்லை, ஆகவே அந்தப் போட்டியை நடத்தவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடிகிறது. ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி என்று மாற்றியது நல்ல காரியம். பேர் மாறி இத்தனை வருடம் ஆகிறது, படி மாறவில்லை.

எனக்கு வேண்டியது எளிது. மாவட்டத்தில், மாநிலத்தில் நடக்கும் எந்த மாற்றுத்திறனாளி விளையாட்டுப் போட்டிக்கும் சரிபாதி பெண்கள் இல்லாமல் அணியைப் பதிவு செய்யக்கூடாது. ஆண்களுக்கு ஆட ஆசை இருந்தால் பெண்களைத் தேடிக் கொண்டுவரட்டும். பனி வேண்டாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி தோல் பந்தை எறிந்து ஆடும் போச்சியா என்ற ஆட்டம் 1984இலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. அதற்கு ஒரு சமமான தரை போதும். கல்யாண மண்டபத்துத் தரை போதும். கம்மாபுரத்தில் கல்யாண மண்டபத்துக்கா குறைச்சல்? நாற்காலியைக் கல்யாணத்துக்குச் சீர் கொடுப்பதுபோல மேடையில் வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுக்காமல், அவள் இடுப்பையும் தோளையும் அளந்து செய்து கொடுக்க வேண்டும். நான் போயிருந்த ஒரு முகாமில் எல்லோருக்கும் ஒரே அளவு நாற்காலி. ஆளுக்கேற்ற பிளவுஸ் தைக்கத் தெரிந்த ஊரில் ஆளுக்கேற்ற நாற்காலி தைக்க முடியாதா?

அரசையும் ஆண்களையும் மட்டும் திட்டிவிட்டு முடிப்பது நமக்குப் பழக்கம். நம்மைப் பற்றியும் கொஞ்சம். முப்பது நாற்பது வருடமாகத் தமிழில் பெண்ணுடலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். உடல் என் உரிமை என்றோம், உடல் மொழி என்றோம், உடல் அரசியல் என்றோம். நாம் எழுதிய அந்த உடல்கள் எல்லாம் இரண்டு காலில் நடந்தன. திருமணத்தை மறுக்கும் உரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். உனக்கெல்லாம் எதற்குக் கல்யாணம் என்று மறுக்கப்பட்டவள் அந்தப் பக்கங்களில் எங்கே உட்காருவாள்? பிரசவ வார்டில் உனக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்கப்பட்டவளுக்கு நம் கருத்தடை உரிமைப் பேச்சில் எந்தப் பத்தி? மாதவிடாயைச் சமாளிக்க முடியாது என்று சொல்லிக் கருப்பை எடுக்கப்பட்ட சிறுமிகளைப் பற்றி நாம் நடத்திய கூட்டங்கள் எத்தனை? அந்தக் கூட்டங்கள் நடந்ததும் பெரும்பாலும் மாடியில்தான். கீழே அரங்கத்துக்கு வாடகை அதிகம், மாடி மலிவு. சிறுபத்திரிகைக் காலத்திலிருந்து நம் புரட்சிகளெல்லாம் படியேறித்தான் நடக்கின்றன.

இந்தத் தொகுப்புக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது வெளியீட்டு விழா எங்கே என்று கேட்டேன். இரண்டாவது மாடியில் ஓர் அரங்கம் பேசி வைத்திருந்தார்கள், லிப்ட் கிடையாது. பொம்மைப் பட்டறை அக்காவை அழைத்து வரப் போகிறேன் என்று சொன்னேன். தூக்கிக்கொண்டு போக நாலு பையன்களை ஏற்பாடு செய்துவிடலாம் என்றார்கள். முடியாது என்றேன். இப்போது தரைத்தளத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.